வாங்கிய விமானம் பறக்க வேண்டாமா?

சண்டிகரில் 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் ஒரு பிரிவுபசார விழா நடந்தது. பிரிவுபசாரம் பெற்றது ஓர் அதிகாரியல்ல, அமைச்சருமல்ல. மிக்-21 என்னும் போர் விமானம். 1963-ஆம் ஆண்டு நமது விமானப்படைக்கு வந்து சேர்ந்த அந்த ரகம், 62 ஆண்டுகள் ஊழியம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றது. ஓட்டிய விமானிகளுக்குப் புகழுரை கிடைத்தது. பொருத்தமே! உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர்கள் அவர்கள். வணங்குகிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. அந்த 62 ஆண்டுகளும் அந்த விமானங்களைப் பறக்க வைத்தவர் யார்? நாசிக்கில் உடலைப் பூட்டியவர், கோராபுட்டில் என்ஜினைக் கோத்தவர், நள்ளிரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணெய்க் குழாயில் கசிவு தேடியவர், ஸ்டோர் அறையில் பேரேட்டைப் புரட்டி "அந்தப் பாகம் இன்னும் வரவில்லை" என்று ஆயிரம் தடவை சொல்லிச் சலித்தவர் — இவர்கள் கழுத்துக்கு எந்த மாலை வந்தது? மாலை வேண்டாம். அவர்கள் கேட்ட உதிரிப் பாகமாவது காலத்தில் வந்ததா? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

"போர் விமானத்துக்கும் பாட்டாளிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். சம்பந்தம் இருக்கிறது. நாம் போர் வெறியர்கள் அல்லோம். சமாதானமே நமது விருப்பம். ஆயினும் அந்த விமானத்தை வாங்கிய பணம் நம்முடைய பணம். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நாம் கொடுத்த வரியும் அதிலே இருக்கிறது. அதைப் பழுது பார்க்கும் கைகள் நம் வர்க்கத்தின் கைகள். அதில் ஏறிச் செல்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். சம்பந்தம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

2012-ஆம் ஆண்டு அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி பாராளுமன்றத்தில் ஒரு கணக்குக் கொடுத்தார். வாங்கிய மிக் ரக விமானங்கள் 872. அவற்றில் விபத்துக்குள்ளானவை 482. மாண்ட விமானிகள் 171. தரையில் தம் பாட்டுக்கு இருந்து மாண்ட பொதுமக்கள் 39. மனிதத் தவறும் உண்டு, யந்திரக் கோளாறும் உண்டு என்றது சர்க்கார். இரண்டும் இருக்கலாம். ஆனால் எதிரியின் குண்டுக்கு இரையாகாமல், சமாதான காலத்திலேயே இத்தனை உயிர்கள் போவதென்றால், அந்தக் கணக்கைப் படிக்கும் எவனுக்கும் நெஞ்சு பதற வேண்டாமா?

விமானம் என்பது என்ன? ஆயிரமாயிரம் பாகங்கள் ஒன்றுகூடிச் செய்யும் கூட்டு வேலை. ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. இத்தனை மணி நேரம் பறந்ததும் இதைக் கழற்றிப் பார், இத்தனை மணி நேரம் ஆனதும் இதை எறிந்துவிட்டுப் புதியது மாட்டு என்று விதி வகுத்திருக்கிறார்கள். அந்த மணிக் கணக்கு ஏட்டில் ஏறும். ஏட்டில் பொறுப்பாளி கையெழுத்துப் போட்டால்தான் விமானம் புறப்படலாம். கோடிக் கணக்கில் விலை கொடுத்த விமானமானாலும் சரி, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு வால்வு இல்லை என்றால் கொட்டகையில் நிற்க வேண்டியதுதான்.

பஸ் பணிமனையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. பத்து பஸ் நிற்கும். ஸ்டோரில் பாகம் இருக்காது. என்ன செய்வார்கள்? ஒரு வண்டியை மூலையில் நிறுத்தி, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மற்ற ஒன்பதுக்கும் மாட்டுவார்கள். மில் தொழிலாளிக்கும் தெரியும்; ஒரு தறியைப் பிரித்து இன்னொரு தறியை ஓட்டிய அனுபவம் அவனுக்கு உண்டு. விமானக் கொட்டகையிலும் அதே கதைதான். ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டினால், ஒரு வேலை இரண்டு வேலையாகிறது. கழற்றும்போதும் மாட்டும்போதும் நல்ல பாகமும் சேதப்படுகிறது. கழற்றப்பட்ட விமானமோ நாளடைவில் எலும்புக் கூடாகிறது. கணக்கில் மட்டும் அது "விமானம்" என்றே நிற்கிறது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

உதவவில்லை என்பதற்கு ஆதாரம் சர்க்காரின் வாயிலிருந்தே வந்திருக்கிறது. நமது விமானப்படையின் முதுகெலும்பு சுகோய்-30 ரகம். அவற்றில் பறக்கத் தயாராக நின்றவை ஏறத்தாழப் பாதியை ஒட்டியே இருந்தன என்பதை 2015-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் ஒப்புக்கொண்டார். அதை உயர்த்த வேண்டும் என்றும் சொன்னார். கடற்படையின் கதை இன்னும் மோசம். மிக்-29கே விமானங்களில் பறக்கத் தக்கவை 15.93 சதவிகிதத்திலிருந்து 37.63 சதவிகிதம் வரையே இருந்தன என்று 2016 ஜூலையில் தணிக்கைத் தலைவரின் அறிக்கை எழுதி வைத்தது. 2010-க்குப் பிறகு 40 என்ஜின்கள் அமைப்புக் குறையால் கழித்துக்கட்டப்பட்டன என்றும் அதே அறிக்கை சொல்லிற்று. நூறு மாடு வாங்கித் தொழுவத்தில் கட்டி, முப்பது மாடுகூடக் கறக்கவில்லை என்றால் குடியானவன் சும்மா இருப்பானா? மாடு விற்றவனைக் கேட்பான்; தீவனம் போட வேண்டியவனையும் கேட்பான். நாம் மட்டும் ஏன் கேட்கக் கூடாது?

அதே 2016 ஜூலை மாதம் 22-ஆம் நாள். நமது தாம்பரம் விமானத் தளத்திலிருந்து ஓர் ஏ.என்-32 விமானம் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. உள்ளே 29 பேர். வங்கக் கடல்மீது போகும்போது மறைந்தது. கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின; தடயம் இல்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில்தான், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆழ்கடல் ஊர்தி எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிந்தன — சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோ மீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில். அந்த விமானம் விழுந்ததற்குப் பழுது பார்த்தவர்கள் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. காரணம் தெரியாமல் பழி போடுவது நமது வழக்கமும் அல்ல. ஆனால் அந்த விமான ரகத்தின் கதையை மட்டும் சொல்லியாக வேண்டும்.

ஏ.என்-32 சோவியத் நாட்டிலிருந்து 1984 முதல் நமக்கு வந்தது. அதைச் செய்த ஆலை உக்ரைனிலே. 2009-ஆம் ஆண்டு, நூற்றுக்கு மேற்பட்ட அந்த விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனுடன் ஒப்பந்தம் போட்டார்கள். 40 விமானங்கள் அங்கே போய்ப் புதுப்பித்து வரவேண்டும்; மிச்சத்தை நமது கான்பூர் பழுதுபார்ப்பு நிலையத்தில் நம் ஆட்களே புதுப்பிக்க வேண்டும்; அதற்கான பாகங்கள் அங்கிருந்து வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2014-இல் உக்ரைனுக்கும் ருஷ்யாவுக்கும் பகை மூண்டது. ஒரே நாடாயிருந்தபோது ஒரு பாகம் கீவ் நகரில், ஒரு பாகம் ருஷ்ய நகரில் என்று செய்து பழகியவர்கள், இப்போது ஒருவருக்கொருவர் எதிரிகள்! கான்பூரில் தொழிலாளி தயார், பட்டறை தயார், பெட்டியில் பாகம் வரவில்லை. 2022-இல் அந்தப் பகை பெரும் போராகவே வெடித்தது. எங்கோ இரண்டு நாடுகள் மோதின. இங்கே நமது கொட்டகையில் வேலை நின்றது.

முன் அனுபவம் இல்லையா? உண்டு. 1991-இல் சோவியத் நாடு உடைந்தபோதே இந்தப் பாடம் படித்தோம். நமக்குப் பாகம் அனுப்பிய ஆலைகள் பல குடியரசுகளில் சிதறின. யாரிடம் கேட்பது, எந்தப் பணத்தில் கொடுப்பது என்றே தெரியாமல் திண்டாடினோம். பாடம் படித்தும் பரீட்சையில் தேறவில்லை!

மேற்கே திரும்பினால் தீருமா? தேஜஸ் விமானத்தைப் பாருங்கள். நம் நாட்டு நிபுணர்கள் வரைந்தது. பெங்களூரில் நம் தொழிலாளர்கள் பூட்டுவது. 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஏறத்தாழ 48,000 கோடி ரூபாயில் ஒப்பந்தம் ஆயிற்று. ஆனால் என்ஜின் அமெரிக்கக் கம்பெனியுடையது. முன்பு கேட்ட 65 என்ஜின்களை அனுப்பி முடித்ததும் அந்தக் கம்பெனி அந்த உற்பத்தி வரிசையை நிறுத்திவிட்டது. மறுபடி தொடங்க வேண்டும், அதற்குப் பாகம் தருகிற சிறு கம்பெனிகளையெல்லாம் மறுபடி கூட்ட வேண்டும் என்று காலம் ஓடிற்று. விமானம் 2024 மார்ச்சுக்குள் வரத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் என்ஜினே 2025 மார்ச்சில்தான் வந்தது. இதற்கிடையில் மிக்-21 ஓய்வு பெற்றதும், 42 அணிகள் இருக்க வேண்டிய விமானப்படையில் 29 அணிகளே மிஞ்சின. ருஷ்யன் கொடுத்தாலும், உக்ரைன்காரன் கொடுத்தாலும், அமெரிக்கன் கொடுத்தாலும் உண்மை ஒன்றுதான்: சாவி எவன் கையில் இருக்கிறதோ, அவன்தான் வீட்டுக்காரன்.

"நமக்கு அந்தத் திறமை ஏது?" என்று கேட்கும் அடிமை மனம் படைத்தோருக்கு ஒரு பழைய கதை சொல்கிறோம். 1940 டிசம்பரில் பெங்களூரில் இந்துஸ்தான் விமானக் கம்பெனி தோன்றியது. இரண்டாம் உலக யுத்தத்தில் 1943-இல் அமெரிக்கப் பட்டாளம் அதை எடுத்துக்கொண்டு, கிழக்கு ஆசியப் போர்முனைக்கான விமானப் பழுதுபார்ப்பு நிலையமாக ஆக்கியது. ஆம், இந்திய விமானத் தொழில் தன் இளம் பருவத்திலேயே பழுதுபார்ப்புப் பட்டறையாக இருந்தது! யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் போகும்போது கான்பூரில் லிபரேட்டர் என்ற பெரிய குண்டு விமானங்களை விட்டுச் சென்றான். சும்மா விடவில்லை, எவரும் பறக்கவிடக் கூடாது என்று நொறுக்கிவிட்டுப் போனான். நம் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? குப்பைக்குள் இறங்கினார்கள். இதில் இறக்கை, அதில் வால், இன்னொன்றில் என்ஜின் என்று பொறுக்கிச் சேர்த்தார்கள். பெங்களூருக்குப் பறந்து போகும் அளவுக்கு ஒட்டுப்போட்டு, அங்கே முழுதும் செப்பனிட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் உயிர் பெற்றன! 1948-இல் அவற்றைக் கொண்டே விமானப்படையில் ஓர் அணி அமைந்தது. 1968 வரை அவை பறந்தன. எஜமானன் "ஆகாது" என்று உடைத்துப் போட்டதை, பாட்டாளி "ஆகும்" என்று பறக்க வைத்தான். இதைவிடவா சான்று வேண்டும்?

இப்போது புதுமை பேசுவோருக்கு வருகிறோம். "எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது, பட்டனைத் தட்டினால் பாகம் எங்கே என்று தெரியும்" என்கிறார்கள். கம்ப்யூட்டரை நாம் வெறுக்கவில்லை. பேரேட்டில் தேடி ஒரு நாள் போகிற இடத்தில் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் அமெரிக்கா பட்ட பாட்டைக் கேளுங்கள்.

அமெரிக்க விமானப்படை, தன் சரக்குக் கணக்கும் பழுது கணக்கும் நூற்றுக் கணக்கான பழைய கம்ப்யூட்டர் ஏற்பாடுகளில் சிதறிக் கிடக்கின்றன என்று கண்டு, அவற்றையெல்லாம் ஒரே ஏற்பாட்டில் சேர்க்க முனைந்தது. 2005-இல் அதற்கான மென்பொருளை வாங்கியது. பெரிய கம்பெனிகளை அமர்த்தியது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. 2012 நவம்பரில், "பயனில்லை, நிறுத்து" என்று இழுத்து மூடியது! இன்னும் நூறு கோடிக்கு மேல் போட்டாலும் முதலில் எண்ணியதில் கால் பங்குதான் நடக்கும் என்று தெரிந்த பிறகே மூடினார்கள். அந்நாட்டு செனட் சபையின் விசாரணைக் குழு 2014-இல் அறிக்கை வெளியிட்டது. எட்டு ஆண்டில் ஆறு திட்ட மேலாளர்கள் மாறினார்களாம். பழைய வேலைமுறையை மாற்ற எவரும் ஒப்பவில்லையாம். இருக்கிற ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்பதே சரியாகத் தெரியாமல் புதியதைக் கட்டப் புறப்பட்டார்களாம்.

தவறு எங்கே? யந்திரத்திலா? இல்லை. ஒரே பாகத்துக்குச் செய்தவன் ஓர் எண் போடுவான். கிடங்கு ஓர் எண் போடும். பட்டறைக்காரர் ஒரு பேர் சொல்லி அழைப்பார். மூன்றும் ஒன்றே என்று தெரிந்தவர் முப்பது வருஷம் அந்த அலமாரிக்கு முன்னால் நின்ற ஸ்டோர்காரர். அவரைக் கேட்காமல், குளுகுளு அறையில் உட்கார்ந்து கோப்பு எழுதினால் என்ன வரும்? தப்புக் கணக்கை வேகமாகப் போடும் யந்திரம்தான் வரும். பாகமே வாங்காமல் கம்ப்யூட்டர் மட்டும் வாங்கினால், "இல்லை" என்ற சொல் விரைவாக வந்து சேரும், அவ்வளவே!

அமெரிக்காவின் இன்னொரு பாடமும் உண்டு. எஃப்-35 என்னும் விமானம், உலகிலேயே பெரிய செலவுள்ள ஆயுதத் திட்டம். அந்த விமானங்களில் பணிக்குத் தயாராக இருந்தவை 2023 மார்ச்சில் சுமார் 55 சதவிகிதமே என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் சொன்னது. பழுது பார்ப்பதற்காகக் காத்துக் கிடந்த பாகங்கள் 10,000-க்கு மேல்! காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: பழுது பார்க்கும் முறை பற்றிய நுணுக்க விவரங்கள் செய்த கம்பெனிகளின் கையில்; சர்க்காரின் பட்டறைக்கு அவை போதிய அளவு கிடைக்கவில்லை. வாங்கியவன் பிரித்துப் பார்க்கவும் விற்றவனையே கெஞ்ச வேண்டும். உலகத்தையே மிரட்டும் வல்லரசுக்கு, தன் சொந்த நாட்டுக் கம்பெனியிடமே இந்தக் கதி என்றால், ஏழை நாடாகிய நமக்கு என்ன கதி?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு விமானங்களில் ஐம்பது பறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எழுபத்தைந்து பறக்க வேண்டும். வழி இரண்டு. பறப்பது பாதியே என்ற நிலையில் இன்னும் ஐம்பது புது விமானம் வாங்கலாம். அல்லது இருக்கும் நூறையே சீராகப் பழுது பார்த்து, காலத்தில் பாகம் கொடுத்து, எழுபத்தைந்தைப் பறக்கச் செய்யலாம். பயன் ஒன்றே. செலவு ஒன்றாகுமா? முதல் வழியில் பத்திரிகையில் படம் வரும், கம்பெனிக்கு லாபம் வரும், தரகனுக்கு நாக்கு ஊறும். இரண்டாம் வழியில் பட்டறைக்கு வேலை வரும், பிள்ளைகளுக்குத் தொழில் வரும், பொதுப் பணம் மிச்சமாகும். சர்க்கார் எந்த வழியை விரும்புகிறது என்பதே நமது கேள்வி.

கண்டிப்பாகப் பேசினால் நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2016-இல் பிரான்சு நாட்டிடம் 36 ரஃபேல் விமானங்கள் வாங்கியபோது, குறைந்தது 75 சதவிகித விமானங்கள் பறக்கத் தயாராக இருக்கும்படி பராமரிப்பு ஆதரவு தரவேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் ஏறிற்று. விலையைப் பற்றிய சச்சரவு வேறு. அதை இங்கே இழுக்கவில்லை. நிபந்தனை போட்டால் போட முடிகிறது என்பதே செய்தி. ஆனால் அந்த நிபந்தனையும் சில ஆண்டுகளுக்கே. அதற்குப் பிறகு? யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அயலானிடம் கையேந்தலாமா?

ஆகவே நாம் கேட்பது இவை.

ஒன்று: இனி எந்த விமானம் வாங்கினாலும், வரைபடமும் பழுதுபார்ப்பு நூலும் சோதனைக் கருவியும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அவற்றைத் தரமறுப்பவனிடம் வாங்காதே.

இரண்டு: கான்பூர், சண்டிகர், நாசிக் அருகே ஓஜர், நமது சூலூர் போன்ற இடங்களிலுள்ள விமானப்படையின் பழுதுபார்ப்பு நிலையங்களுக்கும், பொதுத்துறை ஆலைகளுக்கும் புதுக் கருவிகள் கொடு. "பழைய பட்டறையால் முடியவில்லை" என்று முதலில் பட்டினி போட்டு, பிறகு அதையே சாக்காக வைத்துத் தனியாருக்குத் தாரை வார்க்கும் தந்திரம் வேண்டாம்.

மூன்று: கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் மயிரிழை பிசகாமல் உலோகம் கடையும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிறு பட்டறைகளுக்கு மாதிரியும் அளவும் கொடு. தரச் சோதனையைக் கடுமையாக வை. ஆனால் சோதனையை வருஷக் கணக்கில் இழுக்காதே. பத்துப் பாகம் வாங்கிவிட்டுப் பத்து வருஷம் திரும்பிப் பாராமல் இருந்தால் எந்தப் பட்டறையும் பிழைக்காது.

நான்கு: கம்ப்யூட்டர் ஏற்பாடு வரட்டும். அதைத் திட்டமிடும் மேசையில் மெக்கானிக்கும் ஸ்டோர்காரரும் உட்காரட்டும். அதைக் காட்டி ஆட்குறைப்பு செய்யக் கூடாது. தேடுகிற நேரம் மிச்சமானால், அந்தக் கைகள் பழுது பார்க்கட்டும்.

ஐந்து: எத்தனை விமானம் வாங்கினோம் என்று பறைசாற்றுவதோடு நிற்காமல், எத்தனை பறக்கின்றன என்பதையும் பாராளுமன்றத்துக்கு ஆண்டுதோறும் சொல். "ராணுவ ரகசியம்" என்று சிலர் வாயைப் பொத்துவார்கள். எந்தத் தளத்தில் எது நிற்கிறது என்று நாம் கேட்கவில்லை. தணிக்கைத் தலைவர் எழுதினால் வெளிவரும் செய்தி, அமைச்சர் சொன்னால் மட்டும் ரகசியமாகிவிடுமா? ரகசியம் என்ற போர்வை எதிரியின் கண்ணை மறைக்கட்டும். ஊழலையும் மெத்தனத்தையும் மறைக்க அது பயன்படலாகாது.

தோழர்களே! வானத்தில் வீரம் காட்டுபவனின் உயிர், தரையில் திருகு முடுக்குபவனின் கையில் இருக்கிறது. அந்தக் கைக்குக் கருவி இல்லை, பாகம் இல்லை, வரைபடம் இல்லை என்றால், ஆயிரம் விழா நடத்தியும் பயனில்லை. கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். ஓட்டுக் கேட்டு வரும் பாராளுமன்ற உறுப்பினரிடம், புது விமானத்தின் விலையைக் கேட்குமுன் பழைய விமானத்தின் நிலையைக் கேளுங்கள். தாம்பரத்திலிருந்து புறப்பட்ட அந்த 29 பேரின் வீடுகளில் ஏழரை ஆண்டுகள் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். இனிப் பறக்கப் போகும் பிள்ளைகளின் வீட்டாருக்கு நாம் கொடுக்க வேண்டிய உறுதி ஒன்றே ஒன்றுதான்: ஏற்றி அனுப்பும் விமானத்தில் குறை வைக்க மாட்டோம். அந்த உறுதியைச் சர்க்கார் தரும்வரை, நமது கேள்வி ஓயாது.